அறைக்கு எத்தனை சப்வூஃபர்?

ஆழமான பேஸை மட்டும் ஒலிக்கும் பெட்டியான சப்வூஃபரை வாங்கப்போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "12 இஞ்ச் போதுமா, இல்ல 15 இஞ்ச்சுக்குப் போயிடலாமா?" இஞ்ச் கணக்கு, காற்றைத் தள்ளும் கோனின் விட்டம். நான் பதிலுக்கு அறையின் நீள அகலத்தைக் கேட்பேன். அப்புறம், எத்தனை பேர் உட்கார்ந்து கேட்பீர்கள், சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறதா என்று கேட்பேன். பொருளைப் பற்றிக் கேட்டால் இவன் வீட்டைப் பற்றி விசாரிக்கிறானே என்று சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஆனால் பேஸ் என்று வந்துவிட்டால் பெட்டியைவிட அறையின் கைதான் ஓங்கியிருக்கும். இது பிடிபட்டால் அந்த 12, 15 கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும். பெரிதாக ஒன்றா, நடுத்தரமாக இரண்டா?

என் பதில் அநேகமாக இரண்டு. விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 1000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். 80 ஹெர்ட்ஸுக்கு 4.3 மீட்டர். 40க்கு 8.6. 20 ஹெர்ட்ஸ் என்றால் 17 மீட்டர். உயர்ந்த அலைவரிசைகளில் ஒலி ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி முதலில் நேராகக் காதுக்கு வருகிறது, பிறகு சுவர்களில் பட்டுச் சிதறியதெல்லாம் பின்னால் வருகிறது என்று பிரித்துச் சொல்லலாம். ஆழமான பேஸில் அப்படிப் பிரிக்க வழியில்லை. ஒரு முழு அலை உள்ளே அடங்குவதற்கே அறையில் இடம் இல்லை. சுவருக்கும் சுவருக்கும் இடையே போய்த் திரும்பி, தன்மேல் தானே விழுந்து, சில இடங்களில் பெருத்தும் சில இடங்களில் அழிந்தும் நிற்கிறது. ரூம் மோட் என்று சொல்வது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5.5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று ஓர் அறை. ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையின் முதல் மோட் கிடைக்கும். நீளத்துக்கு 31 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 43, உயரத்துக்கு 57. மேலே இவற்றின் மடங்குகள் வரும், 62, 86 என்று. இரண்டு மூன்று திசைகள் கூடி உண்டாகும் மோட்கள் தனி. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே எவ்வளவு உயரம் போகும்? இந்த அலைவரிசைகளில் அறையும் அப்படித்தான். சப்வூஃபர் கொஞ்சம் அசைந்தாலே பெரிதாக அதிரும், நிறுத்திய பிறகும் சற்று நேரம் ஓயாது.

பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41.2 ஹெர்ட்ஸ். நம் அறையில் அது அகலத்தின் மோடான 43க்குப் பக்கத்திலேயே விழுகிறது. பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்கு அந்த ஒரு ஸ்வரம் மட்டும் கும்மென்று வீங்கிக் கேட்கும். இரு சுவர்களுக்கும் நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு அது கிட்டத்தட்டக் காணாமலே போகும், ஏனென்றால் முதல் மோடின் பள்ளம் மிகச்சரியாக நடுவில்தான் இருக்கிறது. ஒருவர் "பேஸ் ஜாஸ்தி, குறை" என்பார். பக்கத்தில் இருப்பவர் "பேஸே வரலையே" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒரே ஒரு வால்யூம் குமிழை வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்கவே முடியாது.

இந்த ஆட்டம் எதுவரை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இயற்பியலாளர் மன்ஃப்ரெட் ஷ்ரோடரின் பெயரால் அந்த எல்லையை அழைக்கிறார்கள். அறையின் எதிரொலிப்பு நேரத்தை (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) அதன் கன அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2000ஆல் பெருக்க வேண்டும். நம் 66 கன மீட்டர் அறையில் எதிரொலிப்பு நேரம் 0.4 நொடி என்று வைத்துக்கொண்டால் விடை 155 ஹெர்ட்ஸ் சுமாருக்கு வருகிறது. அதற்குக் கீழே அறையின் ராஜ்யம். சப்வூஃபர் வேலை செய்கிற 20 முதல் 80 அல்லது 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி முழுக்க அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "இந்த சப் வேகமானது, அந்த சப் மந்தமானது, 15 இஞ்ச் கோன் கனம், அதனால் இசைக்கு ஆகாது" என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாக உலவுகிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. 40 ஹெர்ட்ஸில் நொடிக்கு 40 முறை போய்வரத் தெரிந்த கோன் 40 ஹெர்ட்ஸுக்குத் தேவையான வேகத்தில்தான் போய்வருகிறது. கோன் கனமாக இருந்தால் குறைவது திறன், அதாவது அதே சத்தத்துக்கு அதிக வாட்ஸ் வேண்டும், அவ்வளவுதான். டிரம் அடியின் "டக்" என்ற முனை சப்வூஃபரிலிருந்து வருவதே இல்லை, அது மெயின் ஸ்பீக்கரின் வேலை. மந்தம் என்று காதில் படுவது பெரும்பாலும் அறையின் மோட் ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பது, அல்லது சப்பும் மெயின் ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று நேரம் தப்பி ஒலிப்பது. இரண்டுமே பெட்டியை மாற்றினால் தீராதவை.

சரி, இரண்டு சப்வூஃபர் இதில் என்ன செய்யும்? பலர் நினைப்பது, இரண்டாவது வந்தால் சத்தம் கூடும் என்று. கூடுவது உண்மைதான். ஒரே மாதிரி இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரே ஃபேஸில், அதாவது இரண்டு கோன்களும் ஒரே நேரத்தில் முன்னும்பின்னும் போகும்படி ஓட்டினால் 6 டெசிபல் வரை கிடைக்கும். ஆனால் எனக்கு அது உபரி லாபம். முக்கியமான வேலை மோட்களை அடக்குவது.

நீளவாக்கின் முதல் மோடில் முன்சுவரில் அழுத்தம் ஏறும்போது பின்சுவரில் இறங்குகிறது. இரண்டும் எதிரெதிர். முன்சுவரின் நடுவில் ஒரு சப், பின்சுவரின் நடுவில் ஒரு சப் என்று வைத்து இரண்டையும் ஒரே ஃபேஸில் ஓட்டினால், ஒன்று அந்த மோடை ஒரு பக்கம் தள்ள, மற்றது எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. மோட் எழும்பவே இடம் கிடைப்பதில்லை. அதோடு, இரண்டும் சுவரின் மையத்தில் இருப்பதால் அகலவாக்கின் முதல் மோடின் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. பள்ளத்தில் இருக்கும் சப்பால் அந்த மோடைத் தூண்ட முடியாது. ஆக 31, 43 இரண்டுமே ஒரே ஏற்பாட்டில் அடங்கிவிடுகின்றன. நடுவில் இருக்கும் இருக்கைக்கும் ஓரத்து இருக்கைக்கும் உள்ள வித்தியாசம் கணிசமாகக் குறைகிறது.

இன்னொரு ஏற்பாடு, இரண்டையும் முன்சுவரிலேயே, அகலத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் வைப்பது. 4 மீட்டர் சுவர் என்றால் 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும். இப்படி வைத்தால் அகலவாக்கின் முதல் மூன்று மோட்களும் கணக்குப்படி அடிபட்டுப் போகின்றன. நீளவாக்கில் ஒரு பயனும் இல்லை. ஒரே வரிசையில் நான்கு பேர் அகலமாக உட்காரும் அறைக்கு இது நன்றாகப் பொருந்தும். டிவிக்கு இருபுறமும் அழகாகவும் இருக்கும் என்பதால் வீட்டில் அனுமதி கிடைப்பதும் சுலபம்.

ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் டாட் வெல்டி என்ற ஆய்வாளர் 2002இல் இதை முறையாக ஆராய்ந்து ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியில் கட்டுரை அளித்தார். செவ்வக அறையில் எத்தனை சப், எங்கெங்கே வைத்தால் இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் குறைகிறது என்பதுதான் அவர் பார்த்தது. நான்கு சுவர்களின் மையத்திலும் ஒன்றொன்றாக வைக்கும் நான்கு சப் ஏற்பாடு மிக நன்றாக வந்தது. நான்குக்கு மேல் போவதில் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை. எதிரெதிர்ச் சுவர்களின் மையத்தில் இரண்டு வைப்பது நான்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எனக்கு இந்தக் கடைசி முடிவுதான் பெரிய விஷயமாகப் பட்டது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் தாண்டல் பெரியது, இரண்டிலிருந்து நான்குக்குப் போவது அவ்வளவு இல்லை. ஏர்ல் கெடெஸ் என்ற ஒலியியலாளர் வேறு வழி சொல்கிறார். சமச்சீரெல்லாம் பார்க்காதே, மூன்று சிறிய சப்களை அறையில் ஒழுங்கில்லாமல் பரப்பி, ஒவ்வொன்றின் அளவையும் ஃபேஸையும் அளந்து சரிசெய் என்கிறார். செவ்வகமாக இல்லாத அறைகளில், ஒரு பக்கம் திறந்து சாப்பாட்டு இடத்தோடு கலந்துவிடும் ஹால்களில், அவர் வழிதான் நடைமுறைக்கு ஏற்றது. சுவர் மையக் கணக்கெல்லாம் நான்கு கெட்டியான சுவர் இருக்கும் அறைக்கு எழுதியது. கதவும் ஜன்னலும் மெல்லிய தடுப்பும் வந்தால் அது தொடக்கப் புள்ளி மட்டுமே.

மூலை? மூலையில் வைத்தால் எல்லா மோடும் முழு வீச்சில் எழும்பும். சத்தம் அதிகம், சீர் குறைவு. ஒற்றை சப் வைத்திருந்து அது திணறினால் மூலைக்குக் கொண்டுபோவது நியாயம். அங்கே சத்தம் இலவசமாகக் கிடைக்கும், பிறகு மேடுகளை ஈக்யூவில் (அலைவரிசைக்கு அலைவரிசை அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டிக்கொள்ளலாம்.

இனி பெட்டியைத் தேர்ந்தெடுப்பது. வாட்ஸ் எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். பேஸ் என்பது காற்றை நகர்த்தும் வேலை. கோனின் பரப்பு, அது முன்னும்பின்னும் போகும் தூரம், இரண்டின் பெருக்கல்தான் முதலீடு. மூடிய பெட்டியில் அலைவரிசை பாதியானால் அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் போக வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்ற இடத்தில் 40 ஹெர்ட்ஸுக்கு 4, 20 ஹெர்ட்ஸுக்கு 16 மில்லிமீட்டர். அழகான சின்னக் கனசதுரப் பெட்டிகள் மென்மையான சத்தத்தில் அற்புதமாக இருந்துவிட்டு, சத்தம் ஏற்றியதும் ஆழத்தை மட்டும் கைவிடுவது இதனால்தான். அவை கெட்டுப்போகாமல் இருக்க உள்ளே இருக்கும் லிமிட்டர் கீழ் அலைவரிசைகளைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுகிறது.

இதை ஒரு சட்டமாகவே சொல்வார்கள். கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரரான ஜோசஃப் அன்டன் ஹாஃப்மன் சொன்னது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், நல்ல திறன் என்ற மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். இன்று மலிவாகக் கிடைக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர்களால் மூன்றாவதைப் பலி கொடுப்பது எளிதாகிவிட்டது. சட்டம் மாறவில்லை.

மூடிய பெட்டியா, போர்ட் (வெளியே திறக்கும் காற்றுக் குழாய்) வைத்ததா என்பது அடுத்தது. போர்ட் வைத்த பெட்டியில் குழாய்க்குள் இருக்கும் காற்றே ஓர் அலைவரிசையில் ஒத்திசைந்து வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. அதனால் 20 முதல் 30 ஹெர்ட்ஸ் பகுதியில் அதே டிரைவர் (கோனும் அதை அசைக்கும் பாகமும்) கூடுதல் சத்தம் தரும். விலையாகப் பெட்டி பெரிதாகிறது, டியூன் செய்த அலைவரிசைக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் என்று சட்டென்று சரிகிறது. அங்கே கோனுக்குக் காற்றின் பிடிப்பும் போய்விடும், அதனால் ஃபில்டர் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மூடிய பெட்டி ஆக்டேவுக்கு 12 டெசிபல் என்று மெதுவாகச் சரிகிறது. சிறிய, நன்றாக மூடிய அறையில் முதல் மோடுக்குக் கீழே அறையே அழுத்தத்தை ஏற்றிக்கொடுக்கும். அந்த ஏற்றமும் மூடிய பெட்டியின் சரிவும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும். எனவே சின்ன அறைக்கு மூடியது, பெரிய திறந்த ஹாலுக்கும் சினிமாவுக்கும் போர்ட் உள்ளது என்று பிரித்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது.

சினிமாவைத் தனியாகச் சொல்லக் காரணம் எல்எஃப்இ, அதாவது ஆழமான பேஸ் விளைவுகளுக்கென்றே உள்ள தனிச் சேனல். 5.1 என்பதில் அந்த .1. இது 120 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே போகும், மற்ற சேனல்களைவிட 10 டெசிபல் அதிகமாக ஒலிக்கும்படி அமைக்கப்பட்டது. ரெஃபரன்ஸ் அளவில் (சினிமா ஒலிக்கலவைக்கு வகுத்த தர அளவு) மற்ற சேனல்களின் உச்சம் 105 டெசிபல் என்றால் எல்எஃப்இயின் உச்சம் 115. வீட்டில் யாரும் அந்த அளவில் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். ஆனாலும் வெடிப்புக் காட்சியில் சப்வூஃபர் எதைச் சந்திக்கிறது என்பதற்கு இது ஓர் அளவுகோல். இசையில் நிலைமை வேறு. பேஸ் கிட்டாரின் 41, ஐந்து கம்பி பேஸின் 31, பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். பைப் ஆர்கனையும் சில மின்னணு இசையையும் விட்டால் 30 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக வந்தாலே பெரும்பாலான பாடல்களுக்குப் போதும்.

காதின் குணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழுவதற்கே ஏறத்தாழ 78 டெசிபல் வேண்டும். ஃப்ளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் எந்த அலைவரிசை எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று 1933இல் வரைந்த வளைவுகள் சொன்ன விஷயம் இது. இன்றைய ஐஎஸ்ஓ 226 தரமும் இதையே துல்லியமாகச் சொல்கிறது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் காது மளமளவென்று ஏற்றிக்கொள்கிறது. நடு அலைவரிசைகளில் 10 டெசிபல் கொடுக்கும் ஏற்றத்தை அங்கே அதில் ஏறக்குறைய பாதியே கொடுத்துவிடும். அதனால்தான் 30 ஹெர்ட்ஸில் ஒரு மேடு இருந்தால் அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுவது போலத் தோன்றுகிறது. விளம்பரத் தாளில் "20 ஹெர்ட்ஸ் வரை" என்று போட்டிருந்தால், எத்தனை டெசிபல் சத்தத்தில், எவ்வளவு சரிவோடு என்று பாருங்கள். மைனஸ் 3 டெசிபலில் 20க்கும் மைனஸ் 10இல் 20க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சிஇஏ-2010 முறையில் அளந்த எண்கள் கிடைத்தால் அவற்றை நம்பலாம். ஒவ்வொரு அலைவரிசையிலும் குறிப்பிட்ட சிதைவைத் தாண்டாமல் எவ்வளவு சத்தம் வரும் என்று அவை நேரடியாகச் சொல்லும்.

இரண்டு வாங்குவது என்று முடிவானால் ஒரே மாடல் இரண்டு வாங்குங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மூடிய பெட்டியையும் போர்ட் உள்ளதையும் கலந்தால், போர்ட் உள்ளதன் ஃபேஸ் அதன் டியூனிங் அலைவரிசையை நெருங்கும்போது வேகமாகத் திரும்புகிறது. மற்றது அப்படித் திரும்புவதில்லை. 50 ஹெர்ட்ஸில் கைகோத்துப் போகும் இரண்டும் 22 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளலாம். ஃபேஸ் குமிழைத் திருகி ஒரு முனையைச் சரிசெய்தால் மறு முனை கெடும். கலப்படத்தில் இன்னொரு சங்கடம், சிறியது திணறும் அளவுக்கு மேல் பெரியதையும் ஏற்ற முடியாது.

ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருக்கிறது, அதே மாடல் இப்போது வருவதில்லை என்றால்? இரண்டில் சிறியதற்கு ஆழமான பேஸை வெட்டும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் வைத்து, அது 35, 40 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் வேலை செய்யும்படி விடலாம். மோட் தொல்லை அதிகம் உள்ள பகுதியில் உதவும், ஆழத்தைப் பெரியது பார்த்துக்கொள்ளும். இதற்கு ஒவ்வொரு சப்புக்கும் தனித்தனியாக டிலேயும் (தாமதம்) ஈக்யூவும் கொடுக்கக்கூடிய டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலி) பெட்டி ஒன்று நடுவில் வேண்டும், ஒரு மைக்கும் வேண்டும். அந்த அளவுக்கு மெனக்கெட மனமில்லை என்றால் பழையதை வேறு அறைக்கு அனுப்பிவிடுவதே நிம்மதி.

இணைப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல ரிசீவர்களில் (எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) சப்வூஃபர் அவுட் இரண்டு இருக்கும், சிலவற்றில் உள்ளே ஒரே சிக்னல்தான். தனித்தனி டிலே இல்லை என்றால் ஒரு சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிளும் அதே வேலையைச் செய்யும். சப்பின் பின்னால் இருக்கும், மேல் அலைவரிசைகளை வெட்டும் லோ-பாஸ் குமிழை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள், அல்லது எல்எஃப்இ என்று போட்ட உள்ளீட்டில் செருகுங்கள். ரிசீவர் ஒருமுறை வடிகட்டியதை சப்பும் இன்னொருமுறை வடிகட்டினால் சேருமிடத்தில் குழி விழும். மெயின் ஸ்பீக்கர்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ரிசீவரில் "ஸ்மால்" என்று வையுங்கள், அவற்றின் ஆழமான பேஸ் சப்புக்குப் போய்விடும். ஆளுயர ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும், என்ன செய்ய. கிராஸ்ஓவர், அதாவது சப்பும் மெயின் ஸ்பீக்கரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் எல்லை, 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். டாம்லின்சன் ஹோல்மன் டிஎச்எக்ஸ் என்ற சினிமா ஒலித் தரத்துக்காக வகுத்தது அந்த எண். அதற்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம், அதனால் சப்பை எங்கே வேண்டுமானாலும் வைக்கச் சுதந்திரம் கிடைக்கிறது. "எல்எஃப்இ பிளஸ் மெயின்" என்ற அமைப்பைத் தொடாதீர்கள். ஒரே பேஸை இரண்டு சப், இரண்டு மெயின் என்று நான்கு இடங்களிலிருந்து கட்டுப்பாடின்றிக் கொட்டும் வேலை அது.

நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது இனிமேல்தான், இதில் வரிசை முக்கியம். முதலில் இரண்டு சப்களும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். பிறகு அவை இரண்டையும் ஒரே சப்பாகப் பாவித்து மெயின் ஸ்பீக்கரோடு சேர்க்க வேண்டும். கடைசியில்தான் ஈக்யூ. வரிசையை மாற்றி, ஒவ்வொரு சப்பையும் தனித்தனியே ஈக்யூவில் நேராக்கிவிட்டுப் பிறகு சேர்த்தால், நேராக இருந்த இரண்டும் சேர்ந்து கோணலாகிவிடும். தனியாக ஒரு சப் எப்படி அளக்கிறது என்பதற்கு இங்கே மதிப்பே கிடையாது. இரண்டும் சேர்ந்து இருக்கையில் என்ன தருகின்றன என்பதுதான் கணக்கு.

ஒரே மாடல் இரண்டு என்றால் இரண்டின் கெய்ன் (ஒலி அளவு) குமிழையும் ஒரே இடத்தில் வையுங்கள். இருக்கையிலிருந்து அளந்து இரண்டையும் ஒரே சத்தமாக்கும் பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் தூரத்தில் இருப்பது அதிகமாக உழைத்து முதலில் களைத்துப்போகும். மோட்களை அடக்கும் வித்தையும் இரண்டும் சம பலத்தோடு தள்ளினால்தான் பலிக்கும்.

மெயின் ஸ்பீக்கரோடு சேர்ப்பதில் எல்லாமே நேரக் கணக்கு. 1 மீட்டர் தூரம் என்பது ஏறத்தாழ 2.9 மில்லிநொடி. 80 ஹெர்ட்ஸில் அது கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவான ஃபேஸ் மாற்றம். சப்புக்குள் இருக்கும் டிஎஸ்பி தன் பங்குக்கு சில மில்லிநொடி தாமதம் சேர்க்கும், வயர்லெஸ் இணைப்பு என்றால் இன்னும் கூடும். அதனால் ரிசீவர் தானாக அளந்து 3 மீட்டரில் இருக்கும் சப்பை 5 மீட்டர் என்று காட்டினால் பதறி டேப்பைக் கொண்டுவந்து திருத்தாதீர்கள். அது காட்டுவது தூரம் அல்ல, நேரம்.

ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு யூஎஸ்பி அளவீட்டு மைக்கும் இருந்தால் இது விளையாட்டு மாதிரி. சப்களையும் ஒரு மெயின் ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்டி, 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைப் பாருங்கள். சப்பின் தூர எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் கிராஸ்ஓவர் பகுதியில் குழி ஆழமாவதும் நிரம்புவதும் கண்முன்னே தெரியும். எனக்குப் பிடித்த உத்தி தலைகீழானது. சப்பின் போலாரிட்டியை மாற்றிவிட்டு (கோன் முன்னே போக வேண்டிய நேரத்தில் பின்னே போகும்), 80 ஹெர்ட்ஸில் எவ்வளவு ஆழமான குழி விழவைக்க முடியும் என்று தேடுங்கள். மிக ஆழமான குழி கிடைத்த எண்ணை அப்படியே விட்டுவிட்டு போலாரிட்டியைப் பழையபடி திருப்பினால் மிகச் சிறந்த சேர்க்கை கிடைக்கும். மேட்டின் உச்சியைக் கண்டுபிடிப்பதைவிடக் குழியின் அடியைக் கண்டுபிடிப்பது எளிது. மைக் இல்லாதவர்கள் 80 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டிக் காதாலேயே இதைச் செய்யலாம்.

அப்புறம் ஈக்யூ. மேடுகளை வெட்டுங்கள், பள்ளங்களை நிரப்பப் பார்க்காதீர்கள். பள்ளம் என்பது இரண்டு அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம். நீங்கள் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், அழிவும் அதே அளவு கூடும். 10 டெசிபல் ஏற்றுவதற்குப் பத்து மடங்கு மின்சக்தி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், 300 வாட்ஸ் வேண்டிய இடத்தில் 3000. பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம் மட்டுமே. சப் நகர வேண்டும், இல்லையேல் சோபா நகர வேண்டும். சில சமயம் சோபாவைப் பின்சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னால் இழுப்பது எந்தக் கருவியாலும் செய்ய முடியாததைச் செய்துவிடும். சுவரில் ஒட்டும் மெல்லிய நுரைத் தகடுகளும் இங்கே உதவாது. 40 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே 2 மீட்டருக்கு மேல், அவ்வளவு தடிமனுக்கு யார் இடம் கொடுப்பது? அளவீட்டில் எல்லாம் நேர்கோடாக வந்த பிறகு பேஸ் மெலிந்து கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கீழே போகப் போக 4, 5 டெசிபல் ஏற்றிவைத்தால் பெரும்பாலோர்க்கு அதுவே இயல்பாகப் படும்.

இப்போது அந்த விதிவிலக்கு. நீங்கள் தனியாகத்தான் கேட்பீர்கள், இருக்கையும் ஒன்றே ஒன்று என்றால் இருக்கைக்கு இருக்கை வித்தியாசம் என்ற பிரச்சினையே உங்களுக்கு இல்லை. ஒரு நல்ல சப்வூஃபர் போதும். அந்தப் பணத்தில் இரண்டு நடுத்தரப் பெட்டிகளைவிட ஒரு தரமான பெரிய பெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் நிறைய இருக்கும் ஒரு பாடலை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்தபடி கேளுங்கள். பேஸ் எங்கே சீராகவும் தெளிவாகவும் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். ஒலிக்கும் இடமும் கேட்கும் இடமும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளத்தக்கவை என்பதால் இது பலிக்கிறது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. 30, 40 ஹெர்ட்ஸ் சாதாரணச் சுவரை ஏறக்குறைய தாராளமாகவே கடந்து போகும், கம்பளமும் திரைச்சீலையும் அதைத் தடுக்காது. ஆனால் சப்பை சோபாவுக்குப் பின்னால், காதிலிருந்து ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால், அதே பேஸ் உங்களுக்குக் கிடைக்க மொத்த அறையையும் அந்த அளவுக்கு நிரப்ப வேண்டியதில்லை. அளவைப் பல டெசிபல் குறைத்துக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்குப் போவதும் அந்த அளவுக்குக் குறையும். இரண்டு இருந்தால் ஒன்றை முன்னாலும் ஒன்றை இப்படிப் பின்னாலும் வைத்து, பின்னால் இருப்பதற்கு மட்டும் டிலேயைச் சரியாகக் கூட்டிவிடுங்கள். சம கெய்ன் என்று மேலே சொன்னதற்கு இது விலக்கு, பின்னால் இருப்பது குறைவாகவே ஓட வேண்டும். இரவில் படம் பார்ப்பதாக இருந்தால் ரிசீவரில் உள்ள டைனமிக் ரேஞ்ச் அமைப்பையும் போட்டுக்கொள்ளலாம். வெடிகள் அடங்கும், வசனம் கேட்கும்.